அழகரின் உத்தேச வயது

ஒருவருடைய பெயர் டீவியில் வந்தால் சொந்தக்காரர்கள் போன் எடுத்துச் சந்தோசப்படுவார்கள். றலியாவின் பெயர் மூன்று மாதமாக நாள் தவறாமல் டீவியில் வந்துகொண்டிருந்தது. அவளோ அந்தப் பக்கம் தலை திருப்பாமல் நடக்கப் பழகியிருந்தாள்.

கண்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு பிரதேச செயலகத்தின் மண்டபத்தில், சனங்கள் காத்திருக்கும் கதிரைகளுக்கு நேரெதிரே அந்த டீவி தொங்கியது. முன்பெல்லாம் அதில் கிரிக்கெட் ஓடும். காத்திருப்பவர்களுக்கும் பொழுது போகும். ‘சிஸ்டம்’ வந்த பிறகு உத்தியோகத்தர்களின் பெயர்ப்பட்டியல்தான் ஓடியது. விண்ணப்பங்களை முப்பது நாளுக்குள் முடித்தவர்கள் பச்சை. கொஞ்சம் பிந்தி முடித்தவர்கள் மஞ்சள். முப்பது நாள் தாண்டியும் முடிக்காமல் வைத்திருப்பவர்கள் சிவப்பு. பட்டியலின் அடியில், நல்ல மாதுளம்பழச் சிவப்பில், றலியா.

காரணம் கேட்டால் சொல்ல அவளிடம் காரணம் இருந்தது. சொன்னால், ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பார்கள். அதனால் சொல்வதை விட்டுவிட்டாள். அவள் விட்டதை நாமாவது சொல்லவேண்டும். அறுபது பேர் வேலை செய்கிற அந்த ஆபீசில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வத்தேகமப் பக்கத் தோட்டங்களிலிருந்தும், திகனக் கடைத்தெருவிலிருந்தும், எங்கிருந்து எந்தத் தமிழ்க் கடதாசி வந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். அதை அவள் சிங்களத்தில் எழுதவேண்டும். சிங்களத்தில் வரும் பதிலைத் தமிழில் எழுதவேண்டும். ஆபீசுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு என்று ஆளணிப் பட்டியலில் போட்டிருக்கிறது. பட்டியலில் மட்டும்தான் இருக்கிறார். மற்றவர்கள் ஒரு விண்ணப்பத்தை முடிக்கிற நேரத்தில் றலியா அதே விண்ணப்பத்தை இரண்டு தடவை எழுதியிருப்பாள். ஆனால் சிஸ்டத்தில் மொழிபெயர்ப்பு என்று ஒரு பெட்டி கிடையாது. பெட்டி இல்லாத வேலை வேலையே இல்லை.

இதற்கெல்லாம் கோபப்படுகிற வயதை அவள் தாண்டிவிட்டாள். முப்பத்து மூன்று வருசத்துக்கு முன் எழுதுவினைஞர் என்று நியமனக் கடிதம் வந்தபோது திகனையில் அவள் வாப்பா கோழி அறுத்து ஊருக்குச் சோறு போட்டார். பிறகு அரசாங்கம் அவளைப் பொது முகாமை உதவியாளர் ஆக்கியது. பிறகு ‘பொது’வைக் கழற்றியது. பிறகு முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஆக்கியது. பெயர் இத்தனை தடவை மாறியதில் கதிரை ஒரு தடவைதான் மாறியது, அதுவும் கால் உடைந்ததால். நடுவில் ஒரு வருசம் ஜப்பான்காரன் முறை என்று தரையெல்லாம் மஞ்சள் கோடு கீறினார்கள். குப்பைக்கூடை எங்கே நிற்கவேண்டும் என்று அதற்கும் ஒரு கட்டம். இன்னொரு வருசம் சிரித்த முகத்தோடு சேவை செய்யவேண்டும் என்று, சனங்கள் வந்து நிற்கும் கருமபீடத்தில் கண்ணாடி மாட்டினார்கள். விரல் வைக்கும் மெசின் வந்தது. மக்கள் பட்டயம் என்று ஆளுயரப் பலகை வந்தது. அதில் தமிழைத் திருத்திக் கொடுத்தவளும் றலியாதான். ஒவ்வொன்றும் வரும்போது பயிற்சிப் பட்டறை, தின்ன ஒரு பொதி ரோல்ஸ், ஒரு பேனா. ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருந்தது. பேனாக்களே ஒரு மேசை லாச்சி நிறைய இருந்தன.

இத்தனை மாற்றத்திலும் அவள் விடாமல் வைத்திருந்த ஒரே பழக்கம் ‘பீ.யூ.’ டயரி. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு அது. ஒரு ஃபைலுக்குப் பதில் வரவில்லை என்றால் மேசையில் வைத்து முறைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ‘திரும்ப எடு’ என்று ஒரு திகதி போட்டு, மூடி, அலுமாரிக்குள் வைத்துவிட்டு டயரியில் குறித்துக்கொள்ளவேண்டும். அந்தத் திகதியில் ஃபைல் தானாக மேசைக்கு வரும். பழைய தலைமை எழுதுவினைஞர் ஒருவர், ஃபைலை மூடுவது தூங்கப்போடுவது மாதிரி, கொல்வது மாதிரி அல்ல என்பார். றலியாவின் கையால் தூங்கிய ஃபைல் எதுவும் எழும்பாமல் போனதில்லை.

அந்த டயரியில் பதினொரு மாதமாக, வாரத்துக்கு ஒரு தடவை ஏறிய பெயர் அழகர்.

அழகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தெருக் கூட்டுகிற பிரதேச சபைத் தொழிலாளி. பதினாலு வருசமாகத் தற்காலிகம். இந்த முறைதான் தற்காலிகக்காரர்களை நிரந்தரமாக்க சபைக்கு அனுமதி வந்திருந்தது; பிறப்பத்தாட்சிப் பத்திரம் கொண்டுவா என்றார்கள். அழகருக்கு அது இல்லை. வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். பிறந்ததைப் பதிய யாரும் இறங்கி வரவில்லை. அடையாள அட்டையில் வருசம் மட்டும் ஒரு குத்துமதிப்புக்கு இருந்தது. மாதமும் நாளும் பூச்சியம், பூச்சியம். அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கம் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று கொடுக்கும். அதற்குக் கிராம உத்தியோகத்தர் கடிதம், தோட்டத்துக் கடிதம், சத்தியக் கடதாசி, டாக்டரின் அறிக்கை, கடைசியாக, பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்த்தோம், இவர் பெயர் இல்லை என்று வேறொரு அலுவலகத்தின் கடிதம். எல்லாம் வந்துவிட்டன. அந்தக் கடைசிக் கடிதம் மட்டும் வரவில்லை. சபை வைத்த கடைசித் திகதி இந்த மாதம் முப்பது. அதற்குள் சான்றிதழ் வந்தால் அழகர் நிரந்தரம். வராவிட்டால் அடுத்த அனுமதி எப்போது வரும் என்று படைத்தவனுக்கும் தெரியாது; அதற்குள் நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டால் பிறகு எக்காலத்துக்கும் இல்லை.

“கடிதம் இன்னம் வரல்ல அழகர். வந்தீந்தா நான் எடுத்து வைக்க மாட்டனா?” என்பாள் றலியா. “இரீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

“பரவாயில்லீங்க மிஸ். நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும். சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னுதான் வந்தேன்,” என்பார் அழகர். கதிரையின் நுனியில்தான் உட்காருவார். கூட்டுகிற உடுப்போடு வந்த நாளில் அதுவும் மாட்டார்.

ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை, மேடம் கூட்டம் போட்டார். பிரதேச செயலாளர் மேடத்துக்கு வயது நாற்பது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு புதன்கிழமையும் மேலிடத்துக்கு ஸூமில் பதில் சொல்லி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தார். நாளைக்கு விருதுக்குப் புள்ளி போடக் குழு வருகிறது, டீவியில் ஒரு சிவப்பும் இருக்கக் கூடாது என்றார் சிங்களத்தில்.

“பழையதையெல்லாம் சிஸ்டத்தில் மூடிவிடுங்கள். குழு போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்.” பிறகு றலியாவைப் பார்த்தார். “மிஸ், உங்களுடையதுதான் நாற்பத்தொன்று.”

எல்லோரும் றலியாவைப் பார்த்தார்கள். கூட்டத்தில் திட்டு வாங்குவதைவிட இந்தப் பார்வைதான் அவளுக்கு வலித்தது. இவள் ஒருத்தியால் நம் எல்லோருக்கும் கெட்ட பெயர் என்கிற பார்வை. அறுபது பேரில் ஒருவராவது, பாவம், இவளுக்கு இரட்டை வேலை என்று சொல்லியிருந்தால் அவள் அன்று மாலை வேறு மாதிரி நடந்திருப்பாளோ என்னவோ. சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு ஃபைலை மூட சிஸ்டம் இரண்டு வழிதான் காட்டியது. ‘நிராகரிக்கப்பட்டது’, ‘சேவை வழங்கப்பட்டது’. நிராகரித்தால் ஆளின் பெயரில் ஒரு கரும்புள்ளி விழும், பிறகு எங்கே போனாலும் அது எட்டிப் பார்க்கும். அந்தப் பாவம் வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டாவதையே அழுத்தினாள். நாற்பத்தொரு தடவை. அழகரின் ஃபைல் வந்தபோது கை கொஞ்சம் நின்றது. மூடுவதுதானே, கொல்வதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு டயரியை எடுத்து, பதின்மூன்றாம் திகதி, திங்கட்கிழமைப் பக்கத்தில், ‘41 ஃபைல்களும் திரும்பத் திறக்க’ என்று எழுதி, அடியில் கோடும் கீறினாள். முப்பத்து மூன்று வருச அனுபவம் செய்த பிழை அது. புதிதாக வந்த பிள்ளை யாராவது என்றால், மூடியதைத் திறக்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பார்த்திருக்கும்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. டீவி வயல்வெளி மாதிரிப் பச்சையாக நின்றது. குழு தேநீர் குடித்தது, படம் எடுத்தது, போனது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு றலியா விரலை வைத்துவிட்டு உள்ளே வரும்போது அழகர் ஏற்கனவே மண்டபத்தில் நின்றார். வெள்ளைச் சேர்ட், நெற்றியில் திருநீறு, தலையில் நன்றாக எண்ணெய். கையில் ஒரு பையில் ஆனைவாழைப்பழச் சீப்பு. அரைநாள் போனால் அரைநாள் சம்பளம் போகிற மனிதன் இந்த நேரத்தில் இப்படி நிற்கிறாரே என்று அவள் நடையை எட்டிப் போட்டாள்.

“வந்திருச்சு மிஸ்!” என்று போனை நீட்டினார். “வெள்ளிக்கெழம ராவு வந்துச்சு. தமிழ்லயே போட்டிருந்தாங்க. சனி, ஞாயிறு எப்படிப் போச்சுன்னே தெரியல.”

றலியா வாங்கிப் படித்தாள். ‘உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாக நிறைவடைந்தது. எமது சேவையில் உங்கள் திருப்தியை ஒன்று முதல் ஐந்து வரையான இலக்கத்தால் தெரிவிக்கவும்.’ அதற்குக் கீழே, அழகரின் பதில்: 5.

“அஞ்சு போட்டேன் மிஸ். அதுக்கு மேல போட முடியாதுன்னு எங்க பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லிருச்சு.”

சிஸ்டம் இப்படி ஆளுக்கு ஆள் செய்தி அனுப்பும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அந்த நேரம் அவள் யாருடையதோ மரணச் சான்றிதழை மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருப்பாள். வாழைப்பழப் பையை அழகர் மேசையில் வைத்தார். அதைத் தொட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“இரீங்க அழகர். ஒரு போன் பேசிட்டு வாறன்.”

சிஸ்டத்தின் கொழும்பு உதவி மேசைக்கு எடுத்து, தமிழுக்கு இரண்டை அழுத்தினால் இளங்கோ என்று ஒரு பொடியன் வருவான். யாழ்ப்பாணத்துக் குரல். பொறுமைசாலி. றலியா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“ஓம் அக்கா, விளங்குது. கன ஒபிசில இதுதான் நடந்திருக்கு,” என்றான். “ஏழு நாளுக்குள்ள எண்டால் ‘உத்தியோகத்தர் பிழை’ எண்டு போட்டுத் திறக்கலாம். நாப்பது ஃபைல் திறக்கும். ஆனா இந்த அழகர் எண்டவற்ற திறக்கேலாது.”

“ஏன் தம்பி? அவருடையதுதான் அவசரம்.”

“அவர் அஞ்சு குடுத்திட்டார் அக்கா. சேவை கிடைச்சது, திருப்தி எண்டு மக்களே உறுதிப்படுத்தினதாப் பதிவாகிட்டுது. அதுக்கு மேல உங்கட பிழையெண்டு நீங்கள் சொல்ல ஏலாது.”

நாற்பது பேர் செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள், அல்லது பார்க்கவே இல்லை. அவளை நம்பி, நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்தவர் ஒருவர்தான். அவருடைய ஃபைல்தான் பூட்டிக்கொண்டது. றலியாவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“புதுசா ஒண்ணு போட்டா?”

“போடலாம். ஆனா அறிவித்தல் ஒட்டி வைக்கிற நாளே ஒரு மாசம் அக்கா. முப்பதாந் திகதிக்குள்ள வராது.” கொஞ்சம் தயங்கினான். “இன்னொரு வழி இருக்கு. சொல்லவே ஒரு மாதிரிக் கிடக்கு. அவர் முறைப்பாடு போடோணும். உங்கட பேரில. உத்தியோகத்தர் பொய்யாப் பதிஞ்சு என்னை ஏமாத்திப் போட்டார் எண்டு. அப்பிடி எண்டால் அண்டைக்கே திறபடும். ஆனா உங்களில விசாரணை வரும்.”

றலியா போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வீதியில் திகன பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது. பதினாலு மாதம். முப்பத்து மூன்று வருசத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியதில்லை. இனி வாங்கினால், போகிற நேரத்தில் பென்சன் ஃபைலோடு அதுவும் சேர்ந்து வரும். அழகரை உட்காரவைத்து, சிஸ்டத்தில் பிரச்சினை, புதிதாகப் போடுவோம் என்று சொன்னால் அவர் நம்புவார். எதைச் சொன்னாலும் நம்புவார். அந்த நினைப்புத்தான் அவளைத் திரும்பி நடக்கவைத்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். அழகர் முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு கதிரையின் நுனியிலிருந்து எழும்பிவிட்டார்.

“உங்க மேல முறைப்பாடா? நானா? என்ன மிஸ் பேசுறீங்க. அப்படி ஒரு வேல எனக்கு வேணாம். பதினாலு வருசம் கூட்டியாச்சு, இன்னும் கொஞ்சம் கூட்டினா கை தேஞ்சா போயிரும்.”

“ஒக்காருங்க.”

“நான் வாறேன் மிஸ்.”

“ஒக்காருங்கன்னு செல்றன்!” குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. றலியா குரலை இறக்கினாள். “எனக்கி பாவம் பாக்க வராதீங்க அழகர். செஞ்சது நான். மேலிருந்து சென்னாங்க, செஞ்சன். விரல் என்ட விரல்தானே? நானே எழுதுறன். நீங்க கையெழுத்து மட்டும் வைங்க.”

முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தாள். தமிழ்ப் படிவம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. உத்தியோகத்தர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். ‘மேற்படி உத்தியோகத்தர் எனக்கு எந்தச் சேவையும் வழங்காமல், வழங்கியதாகப் பொய்யாகப் பதிந்துள்ளார். இதனால் நான் ஏமாற்றப்பட்டேன்.’ எத்தனையோ பேருக்காக எத்தனையோ முறைப்பாடு எழுதிக் கொடுத்த கைதான். வசனம் தடையில்லாமல் வந்தது.

அழகர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். “‘பொய்யா’ங்கிறத எடுத்துறலாமே மிஸ்? ‘தவறா’ன்னு போட்டுக்கலாமே?”

“தவறுக்குத் தெறக்காதாம். பொய்க்கித்தான் தெறக்குமாம்.”

அவர் பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு கையெழுத்து வைத்தார். வாழைப்பழத்தை எடுத்துப் போகவும் இல்லை, விட்டுப் போகிறேன் என்று சொல்லவும் இல்லை. றலியா முறைப்பாட்டைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து, தன் கையெழுத்தும் சீலும் வைத்து, மேடத்தின் தட்டில் போட்டாள்.

மேடம் கூப்பிட்டார். கடதாசியை இரண்டு தடவை படித்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். “நான் சொல்லித்தான் செய்தீர்கள் என்று இதில் எழுதவில்லையே?” என்று கேட்டார்.

“இல்லை மேடம். முறைப்பாட்டுக்காரருக்கு அது தெரியாது.”

அதன் பிறகு அவர் றலியாவை நேராகப் பார்ப்பதில்லை. லீவு கேட்டால் மட்டும் உடனே கொடுத்தார்.

ஃபைல் அன்று மாலையே திறந்தது. வராத கடிதமும், முறைப்பாடு என்று கேள்விப்பட்டதாலோ என்னவோ, இருபத்திரண்டாம் திகதி ஓடி வந்தது. இருபத்தெட்டாம் திகதி சான்றிதழ் தயார். டாக்டரின் கணக்கில் அழகருக்கு நாற்பத்து மூன்று. மாதமும் நாளும் தெரியாததால் சிஸ்டம் ஜனவரி ஒன்று என்று தானே போட்டுக்கொண்டது.

“நாப்பத்தஞ்சுக்குக் கிட்டன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் மிஸ். ரெண்டு வருசம் லாபம்,” என்றார் அழகர். சிரிக்கப் பார்த்தார். ஆனால் சான்றிதழின் மூலையில் ஒரு சிவப்பு முத்திரை இருந்தது: விசாரணை முடிவுக்கு உட்பட்டது. முறைப்பாடு உண்மை என்று முடிந்தால் சான்றிதழ் நிற்கும். இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்தது என்று முடிந்தால் ஃபைல் மறுபடி மூடும், சான்றிதழும் செல்லாது. சபை வேலையைக் கொடுத்தது, அதே நிபந்தனையோடு.

விசாரணை பெப்ரவரியில் வந்தது. இரண்டு தடவை தள்ளிப்போய் மூன்றாம் தடவை. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற ஒரு நிர்வாக சேவைக்காரர், சுத்தமான மனிதர், சுற்றறிக்கைக்குப் பிறந்தவர். முறைப்பாடு எந்த மொழியில் இருக்கிறதோ சாட்சியமும் அந்த மொழியில்தான் இருக்கவேண்டும், சிங்களத்தில் மொழிபெயர்த்துப் பதியவேண்டும் என்றார். கண்டியிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் மூன்றாம் தடவையும் வரவில்லை.

“இங்கே தமிழ் தெரிந்தவர் வேறு யார்?” என்று கேட்டார்.

எல்லோரும் றலியாவைப் பார்த்தார்கள்.

“சுற்றறிக்கையில் இதற்கு இடமில்லைதான்,” என்றார் அதிகாரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னும் ஒரு தடவை தள்ளிப்போட எனக்கு உடம்பில் தெம்பும் இல்லை. இரண்டு தரப்புக்கும் ஆட்சேபனை இல்லையென்றால் தொடரலாம்.”

அழகர் றலியாவைப் பார்த்தார். இன்னொரு தவணை என்றால் இன்னும் மூன்று மாதம் அந்த முத்திரையோடு. றலியா ஆட்சேபனை இல்லை என்றாள். அழகரும் தலையாட்டினார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். நிரந்தரக்காரர்களுக்குக் கொடுக்கிற புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

முந்தின நாள் போனில் றலியா அவருக்குச் சொல்லியிருந்தாள்: “கேக்குற கேள்விக்கி மட்டும் பதில் செல்லுங்க. நல்லது ஒண்ணும் செல்ல வேணாம்.”

முதல் கேள்வி வந்தது. றலியா அதை வாங்கித் தமிழாக்கினாள். “நான் உங்கள ஏமாத்தினனான்னு கேக்குறாரு.”

அழகர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செல்லுங்க அழகர்.”

“ஏமாத்தினாங்க.”

றலியா அதைச் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி எழுதினார்.

“தெரிஞ்சே செஞ்சனான்னு கேக்குறாரு.”

“தெரிஞ்சுதான்.”

அதையும் சொன்னாள். முப்பத்து மூன்று வருசமாக மற்றவர்கள் கதையை இப்படித்தான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். இது அவள் கதை என்பதற்காக எடை கூடிவிடுமா என்று நினைத்தாள். கூடத்தான் கூடியது.

கடைசியாக, சாட்சி வேறு எதுவும் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார் அதிகாரி. அது வழமையான கேள்வி. வழமையான பதில் இல்லை என்பது. றலியா தமிழில் கேட்டாள். அழகர் நிமிர்ந்தார்.

“இருக்குங்க,” என்றார். றலியா கண்ணால் வேண்டாம் என்றாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இந்த ஆபீசுக்குப் பதினோரு மாசம் நடந்தேன். இவங்க ஒருத்தங்கதான் என்னைய ஒக்காரச் சொல்லி ஒரு வாய் தண்ணி குடுத்தாங்க. என் வேலைக்காகத்தான் தன் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டாங்க. இவங்களுக்கு ஒரு கேடும் வரக்கூடாது. அத எழுதிக்கச் சொல்லுங்க.”

அதிகாரி பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு றலியாவைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

இத்தனை வருசத்தில் அவளைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை ஒரு அரசாங்கக் கடதாசியிலும் ஏறியதில்லை. இப்போது ஏறப்போகிறது, அவள் வாயைத் திறந்தால் போதும். ஆசையாகத்தான் இருந்தது. ஏறினால் அடுத்த கேள்வி என்ன என்றும் அவளுக்குத் தெரியும். ‘உன் வேலைக்காக என்றால்? இரண்டு பேரும் பேசிவைத்ததா?’ அதோடு முறைப்பாடு போகும். முறைப்பாட்டோடு வயது போகும். வயதோடு அந்தக் காக்கிச் சட்டை போகும்.

“வேறொன்றும் சொல்வதற்கில்லை என்கிறார், சேர்,” என்றாள் சிங்களத்தில்.

அதிகாரி அதை எழுதினார். அழகர் பதினாலு வருசம் அந்த ஊர்த் தெருவில் வேலை செய்த மனிதர். அவருக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். றலியா அவரைப் பார்க்காமல் பதிவுத்தாளை அவர் முன்னால் தள்ளி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தார்.